1999 ஸ்பர்ஸ் கோப்பை அரைக் கோப்பையா? ஒரு பனியனால் வந்த வம்பு

காஜாபட்டன், திருப்பூர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. போன ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டையில் குவித்துப் போட்டு விற்கும் கடை ஒன்றில் துழாவிக்கொண்டிருந்தபோது ஒரு கருப்பு டீ-சர்ட் கைக்கு வந்தது. நெஞ்சில் வெள்ளி நிறத்தில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்.பி.ஏ.வில் ஆடும் அணி), அதற்குக் கீழே 1999 சாம்பியன் என்று எழுத்து. பிரிண்ட் ஒரு விரல்கடை இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது, ரிஜெக்ட் ஆகி இங்கே வந்து சேர்ந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும். பழைய சீசன் டிசைன்களுக்கு வெளிநாட்டில் இப்போது நல்ல கிராக்கி என்று எங்கள் செக்கிங் செக்‌ஷனில் பேசிக்கொள்வார்கள். 110 ரூபாய். துணி நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால் அங்கே ஒரு சீனியர் அண்ணன் (வயது ஐம்பதுக்குப் பக்கம், இன்னும் மூன்று பாயிண்ட் லைனுக்கு வெளியே நின்று போட்டால் பத்துக்கு ஆறு விழும்) என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "டேய், இது அரைக் கோப்பைடா. 82 மேட்ச் ஆடாமல் 50 ஆடி வாங்கினது. ஜோர்டான் இல்லாத வருசம். இதைப் போய்க் காசு குடுத்து வாங்குவியா" என்றார். பக்கத்தில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் பிறந்ததே 2001.

வீட்டில் மாமாவிடம் கேட்டேன். "ஆமா, அந்த வருசம் பிளேயர் எல்லாம் சம்பளம் பத்தலைன்னு ஸ்ட்ரைக் பண்ணினாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்புறம் நெட்டில் தேடினால் ஆளுக்கொன்று எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன். அந்த சீசனில் உண்மையில் என்ன நடந்தது? 50 மேட்ச் ஏன்? சிகாகோ அணியின் பெரிய நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டான் இந்தச் சண்டையால்தான் விலகினாரா? அண்ணனிடம் போய் நான் என்ன சொல்வது? சட்டையைக் கழற்றுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு பண்ணுங்க.

சிங்கைமில், சிங்காநல்லூர்:

தம்பி, முதலில் உங்கள் மாமாவைத் திருத்திவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். அது ஸ்ட்ரைக் இல்லை, லாக்-அவுட். எங்கள் அப்பா முப்பத்தொரு வருடம் ஸ்பின்னிங்கில் மூன்று ஷிப்டும் பார்த்தவர், இந்த ரெண்டு வார்த்தையையும் யாராவது மாற்றிச் சொன்னால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். வேலைக்குப் போகமாட்டேன் என்று தொழிலாளி வெளியே நின்றால் ஸ்ட்ரைக். வேலைக்கு வந்தவனை உள்ளே விடாமல் முதலாளி கேட்டைப் பூட்டினால் கதவடைப்பு. 1998 ஜூலை 1ஆம் தேதி கேட்டைப் பூட்டியவர்கள் அணி முதலாளிகள். வீரர்கள் ஆடத் தயாராகத்தான் இருந்தார்கள்.

ஏன் பூட்டினார்கள் என்றால், கணக்கு அவர்கள் கையை மீறிப் போய்க்கொண்டிருந்தது. பழைய ஒப்பந்தத்தில் ஒரு பிடி இருந்தது: லீக் வருமானத்தில் வீரர்கள் சம்பளம் 51.8 சதவீதத்தைத் தாண்டினால் முதலாளிகள் ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு மறுபடி பேசலாம். அது 57 சதவீதம் வரைக்கும் போய்விட்டது. அதோடு 1997இல் மினசோட்டா அணி கெவின் கார்னெட்டுக்கு ஆறு வருடத்துக்கு 12 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்தது, அப்போது அவருக்கு வயது 21. அந்த அணியையே சில வருடம் முன்பு அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் மற்ற முதலாளிகளுக்கு ராத்திரி தூக்கம் வராதது புரியும். நம்ம சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்காரர்களுக்கும் ஜவுளி உற்பத்தியாளர்களுக்கும் கூலி ஒப்பந்தம் போடும்போது நடக்குமே அதே இழுபறிதான், என்ன, இங்கே மீட்டருக்கு இத்தனை காசு என்று பேசுவார்கள், அங்கே கோடியில் பேசினார்கள். கோடீஸ்வரனும் கோடீஸ்வரனும் அடித்துக்கொண்டால் வெளியில் இருப்பவனுக்குப் பரிதாபம் வராது, அமெரிக்காவிலும் வரவில்லை. ஆனால் அரங்கத்தில் கதவு திறப்பவன், பாப்கார்ன் விற்பவன், கார் நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழிப்பவன் இவர்களுக்கெல்லாம் மேட்ச் நடக்காத மாதங்களில் பிழைப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மில் மூடினால் கேட்டுக்கு எதிரில் இருக்கும் டீக்கடைதான் முதலில் படுக்கும்.

லீக் தரப்பில் கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன், வீரர்கள் சங்கத்தில் பில்லி ஹன்டர், சங்கத் தலைவர் பேட்ரிக் யூயிங், அதாவது நியூயார்க் நிக்ஸ் அணியில் கூடைக்கு அடியில் நிற்கும் சென்டரேதான். ஜனவரி 7ஆம் தேதிக்குள் முடிவு வராவிட்டால் சீசனையே ரத்து செய்வோம் என்று ஸ்டெர்ன் கெடு வைத்தார். ராத்திரி முழுக்கப் பேசி முந்தின நாள் 6ஆம் தேதி காலையில் உடன்பாடு வந்தது. வீரர்கள் ஓட்டு 179க்கு 5. கையெழுத்தெல்லாம் ஆகி ஜனவரி 20ஆம் தேதி கேட் திறந்தபோது 204 நாள் ஓடிப்போயிருந்தது. முதலாளிகள் என்ன வாங்கினார்கள் என்றால், ஒரு தனி ஆளுக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்று கயிறு கட்டினார்கள்: எத்தனை வருட அனுபவம் என்பதைப் பொறுத்து 90 லட்சம் டாலரிலிருந்து ஒரு கோடியே 40 லட்சம் டாலர் வரை. அதற்கு முந்தின சீசனில் ஜோர்டான் ஒருவரே 3 கோடியே 30 லட்சம் வாங்கியிருந்தார். இன்றைக்கும் லீக்கில் யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பேசும்போது "மேக்ஸ்" என்கிறார்களே, அது அன்றைக்குப் பிறந்ததுதான்.

ஜோர்டான் விஷயம் வேறு யாராவது சொல்லட்டும், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. (ஆமாம், நானும் மில்தான்.)

பழையபெஞ்ச், ராமநாதபுரம், கோவை:

சிங்கைமில் சொன்ன காரணம் எல்லாம் சரி. ஆனால் அந்த அண்ணன் சிரித்ததிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பது என் கட்சி. நான் 1999இல் கல்லூரி இரண்டாம் வருடம். ஊரில் எல்லாரும் ஜூன் மாதம் கார்கில் செய்தியும் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பை கிரிக்கெட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் நாலு பேர் மட்டும் ஹாஸ்டலுக்கு வரும் ஆங்கிலப் பேப்பரில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தின் மூலையில் என்.பி.ஏ. ஸ்கோர் வந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தோம். அந்த ஸ்கோர்களைப் பார்த்தால் எங்களுக்கே சிரிப்பு வரும். 70, 75, 80. இதென்னடா, நம்ம பசங்க பி.எஸ்.ஜி. கோப்பையில் ஆடினால்கூட இதைவிடப் போடுவாங்களே என்போம். (போடமாட்டோம். வயசு.)

ஏன் அப்படி ஆனது என்றால், கணக்கைப் பாருங்கள். பிப்ரவரி 5 முதல் மே 5 வரை, 90 நாளில் ஓர் அணிக்கு 50 மேட்ச். சராசரியாக 1.8 நாளுக்கு ஒன்று. வழக்கமான சீசனில் இரண்டு நாளுக்கு ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவாக வரும். வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறதா? அதில் அடுத்தடுத்து மூன்று ராத்திரி மூன்று மேட்ச் என்று அட்டவணையில் போட்டிருந்தார்கள், அதுவும் ஊர் விட்டு ஊர் விமானத்தில். அதற்கு முன் பயிற்சி முகாம் என்று கிடைத்தது இரண்டு வாரம்தான். ஆறு மாதம் ஒப்பந்தம் வருமா வராதா என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள். க்ளீவ்லேண்டின் ஷான் கெம்ப் எடை போட்டு வந்ததை இன்றுவரை சொல்லிச் சிரிப்பார்கள், ஆனால் அந்த உடம்போடு மேட்சுக்கு 20 பாயிண்டுக்கு மேல் போட்டார் என்பதைச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் பக்கம் மாரியம்மன் நோம்பிக்கு ராத்திரி டோர்னமென்ட் வைப்பார்கள். டியூப்லைட் கட்டி, சிமென்ட் தரை, ஒரே ராத்திரியில் லீக் சுற்று, காலிறுதி, அரையிறுதி எல்லாம். விடியற்காலை மூன்றரை மணிக்கு அரையிறுதி ஆடும்போது கால் நம்ம கால் மாதிரி இருக்காது. முதலில் போவது ஓட்டம் இல்லை, ஷாட். முட்டி மடங்காது, கையை மட்டும் வைத்துப் போடுவோம், பந்து ரிங்கின் முன்பக்கம் தட்டித் திரும்பிவிடும். அந்த சீசன் முழுக்க லீக்கே விடியற்காலை மூன்றரை மணி அரையிறுதி ஆடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தின வருடம் அணிக்கு மேட்சுக்கு 95.6 பாயிண்ட், இந்த வருடம் 91.6. போட்ட ஷாட்டில் விழுந்தது நூற்றுக்கு 43.7 தான். ஏப்ரல் 10ஆம் தேதி சிகாகோ மயாமியோடு ஆடி மொத்தமே 49 பாயிண்ட். முழு மேட்சுக்கு! 24 நொடிக்குள் ஷாட் போட வேண்டும் என்ற ஷாட்-கடிகாரம் வந்த பிறகு அவ்வளவு குறைவாக யாரும் போட்டதே கிடையாது. அதற்கு முந்தின ஜூனில் கோப்பையைத் தூக்கிய அணி அது.

ஜோர்டான் சண்டையால் விலகினாரா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. சிகாகோவை அதற்கு முன்பே கலைக்கிற முடிவில் இருந்தார்கள், பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் போய்விட்டார், அவர் இல்லாமல் ஆடமாட்டேன் என்று ஜோர்டான் முன்பே சொல்லியிருந்தார். கதவடைப்பால் அந்த அறிவிப்பு தள்ளிப்போனது, அவ்வளவுதான். உடன்பாடு வந்து ஒரு வாரத்தில், ஜனவரி 13, விலகுகிறேன் என்றார். ஜோர்டானோடு ஆடிய பிப்பன் ஹூஸ்டனுக்குப் போனார். இன்னொரு கூட்டாளி ராட்மன் லேக்கர்ஸ் அணியில் 23 மேட்ச் ஆடினார். சிகாகோ 13 ஜெயித்து 37 தோற்றது.

ஆக, அந்த 50 மேட்ச் நல்ல பாஸ்கெட்பால் இல்லை. கோப்பை அரையா முழுசா என்பது வேறு விஷயம், அதை நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆட்டம் அரைதான்.

காஜாபட்டன், திருப்பூர்:

அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. ஸ்ட்ரைக்-லாக்அவுட் வித்தியாசத்தை மாமாவிடம் சொன்னேன், "அது எனக்குத் தெரியும், உனக்குப் புரியாதுன்னு சுருக்கிச் சொன்னேன்" என்கிறார். சரி.

பழையபெஞ்ச் அண்ணா, நீங்கள் சொன்னதைப் பார்த்தால் கோர்ட்டு அண்ணன் சொன்னது சரி என்று ஆகிறது. எல்லாருக்கும்தானே 50 மேட்ச்? ஸ்பர்ஸுக்கு மட்டும் குறைத்தார்களா என்ன?

நிக்ஸ்கவுண்டர், பொள்ளாச்சி:

இந்த இழையைப் பார்த்ததும் வயிறு எரிகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நான் நிக்ஸ். எப்படி நிக்ஸ் ஆனேன் என்று கேட்டால், 94இல் நியூஜெர்சியில் இருக்கும் ஒறம்பரை ஒருத்தர் ஆரஞ்சும் நீலமுமாக ஒரு தொப்பி கொண்டுவந்து கொடுத்தார், அதோடு விதி எழுதியாகிவிட்டது.

அந்த சீசனை அரை சீசன் என்பவர்கள் யாரும் நிக்ஸைப் பார்க்கவில்லை. 27 ஜெயிப்பு, 23 தோல்வி, கிழக்குப் பிரிவில் எட்டாவது இடம், அதாவது கோப்பைக்கான அடுத்த கட்டமான பிளேஆஃபுக்குப் போகும் கடைசி இடம், ஒன்பதாவது வந்த ஷார்லட்டுக்கும் எங்களுக்கும் ஒரே ஒரு வெற்றிதான் வித்தியாசம். சீசன் முடிவதற்குள்ளேயே ஜெனரல் மேனேஜரை அந்த நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார்கள், பயிற்சியாளர் வான் கண்டி அடுத்து என்றுதான் பேச்சு. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் நிற்கிற வாழை மாதிரி, யார் வேண்டுமானாலும் வெட்டலாம் என்ற நிலைமை.

முதல் சுற்று மயாமி, முதல் இடத்து அணி. அப்போது முதல் சுற்று ஐந்து மேட்ச்தான். ரெண்டுக்கு ரெண்டு, ஐந்தாவது மயாமியில். கடைசி நொடிகளில் ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம், ஆலன் ஹூஸ்டன் ஓடிக்கொண்டே ஒரு ஷாட் விட்டார், பந்து ரிங்கின் முன்பக்கம் பட்டு, எழும்பி, போர்டில் பட்டு, அப்புறம் உள்ளே இறங்கியது. மிச்சம் 0.8 நொடி. 78-77. எட்டாவது அணி முதல் அணியை வீட்டுக்கு அனுப்பியது அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் நடந்திருந்தது, 94இல் டென்வர் சியாட்டிலை. அப்புறம் அட்லான்டாவை நாலுக்குப் பூஜ்யம். அப்புறம் இண்டியானா. அங்கே இரண்டாவது மேட்சோடு யூயிங்குக்குக் குதிகால் நரம்பு போயிற்று, முடிந்தது என்று நினைத்தோம். மூன்றாவது மேட்சில் மூன்று பாயிண்ட் பின்னால், லாரி ஜான்சன் மூன்று பாயிண்ட் லைனுக்கு வெளியே பந்தைப் பிடித்தார், ஃபௌலும் வாங்கினார், ஷாட்டும் விழுந்தது, ஃப்ரீ த்ரோவும் விழுந்தது. ஒரே வீச்சில் நாலு பாயிண்ட். 92-91. அந்த விசிலை ரெஃப்ரி அடித்திருக்கக் கூடாது என்று இண்டியானாக்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

எட்டாவது இடத்திலிருந்து ஃபைனலுக்குப் போன முதல் அணி நாங்கள். இருபத்து நாலு வருடம் கழித்து 2023இல் மயாமி போனபோதுதான் இரண்டாவது அணி வந்தது.

ஃபைனலில் யூயிங் இல்லை, சூட்டும் கோட்டுமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஸ்பர்ஸின் ஏழடி ராபின்சனும் ஏழடிக்கு ஒரு அங்குலம் குறைந்த டங்கனும் நிற்கிற இடத்தில் எங்களுக்குச் சென்டரே இல்லை. 4-1. கடைசி மேட்ச் எங்கள் ஊர் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், எங்கள் ஸ்ப்ரூவெல் தனி ஆளாக 35 போட்டார். 47 நொடி இருக்கும்போது ஸ்பர்ஸின் ஏவரி ஜான்சன், ஆறடிகூட இல்லாத ஆள், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத ஆள், மூலையிலிருந்து ஒரு ஷாட் போட்டார். ஸ்கோர் என்ன தெரியுமா? 78-77. மயாமியை நாங்கள் அனுப்பின அதே ஸ்கோர். சாமி கணக்குப் பார்த்து வட்டியோடு திருப்பி வாங்கிக்கொண்டது.

தம்பி கேட்டது நல்ல கேள்வி. எல்லாருக்கும் 50தான். 82 மேட்ச் இருந்திருந்தால் நாங்கள் எட்டாவதாக வந்திருப்போமா, மேலே போயிருப்போமா, வெளியே போயிருப்போமா, யாருக்கும் தெரியாது. சீசன் குறைந்ததால் லாபம் என்றால் அது எங்களுக்குத்தான், ஸ்பர்ஸுக்கு இல்லை. எங்களை யாரும் அரை ஃபைனலிஸ்ட் என்று சொல்வதில்லையே.

கோபிபிடி, கோபிசெட்டிபாளையம்:

நான் பள்ளியில் பி.டி. டீச்சர், முன்பு காலேஜ் டீமில் ஃபார்வர்டு. பெண்கள் யாரும் இங்கே எழுதாததால் எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் அண்ணனிடம் ஒரே ஒரு எண் சொல்லுங்கள்: 15-2. பிளேஆஃபில் ஸ்பர்ஸ் 15 ஜெயிப்பு, 2 தோல்வி. லீக் சுற்றுதான் சுருங்கியது, பிளேஆஃப் சுருங்கவில்லை. அந்தக் காலத்து மற்ற வருடங்களைப் போலவே முதல் சுற்று ஐந்து, மீதி மூன்று சுற்றும் ஏழு. மினசோட்டாவோடு 3-1, லேக்கர்ஸோடு 4-0, போர்ட்லேண்டோடு 4-0, நிக்ஸோடு 4-1. லேக்கர்ஸ் என்றால் சும்மா இல்லை, ஷாக்கில் ஓ'நீல், கோபி பிரையன்ட் ரெண்டு பேரும் இருந்த அணி. அவர்களின் பழைய ஃபோரம் அரங்கத்தில் கடைசி மேட்சே ஸ்பர்ஸிடம் தோற்றதுதான். இது அரை வேலை செய்கிறவர்கள் கணக்கா?

லீக் சுற்றிலும் பாருங்கள், தொடக்கத்தில் 14 மேட்சில் 6 ஜெயிப்பு, 8 தோல்வி. பயிற்சியாளர் போப்போவிச்சை மாற்றச் சொல்லி ஊரே பேசியது. 82 மேட்ச் இருந்தால் சரி, மெதுவாகச் சரி பண்ணலாம். 50இல் 14 போய்விட்டால்? அதற்கப்புறம் 36 மேட்சில் 31 ஜெயித்தார்கள். யூட்டாவும் அதே 37-13தான். குறைந்த மேட்ச் என்றால் தப்புக்கு இடம் குறைவு என்று அர்த்தம். எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, மண்டல அளவுப் போட்டியில் ஒரே நாக்-அவுட், காலையில் தூங்கி வழிந்தால் மத்தியானம் பஸ் ஏற வேண்டியதுதான்.

எனக்கு அந்த சீசன் என்றால் டங்கன்தான். இரண்டாவது வருடமே ஃபைனலில் சராசரி 27.4 பாயிண்ட், 14 ரீபவுண்டு. சின்னத் தீவுக்காரர், நீச்சல் வீரராக வளர்ந்தவர், 1989 புயலில் ஊரின் நீச்சல் குளம் உடைந்துபோன பிறகுதான் பந்தைத் தொட்டார். அவர் ஷாட்டைப் பாருங்கள், நேராக ரிங்குக்குப் போடமாட்டார், போர்டின் கட்டத்தில் அடித்து இறக்குவார். எங்கள் காலத்தில் அப்படிப் போட்டால் பழைய காலத்து ஷாட் என்று பசங்கள் கேலி செய்வார்கள். நான் இன்றைக்கும் புதிதாக வரும் பிள்ளைக்கு முதலில் அதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன்: 45 டிகிரியில் நில், போர்டின் கட்டத்து மேல் மூலையைப் பார், ரிங்கைப் பார்க்காதே.

ஸ்பர்ஸின் ஷான் எலியட்டை யாரும் இன்னும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். மே 31, போர்ட்லேண்டோடு இரண்டாவது மேட்ச். ஸ்பர்ஸ் ஒரு கட்டத்தில் 18 பாயிண்ட் பின்னால். கடைசியில் 12 நொடி, ரெண்டு பாயிண்ட் பின்னால். சைடிலிருந்து வந்த பாஸைத் தட்டப் பார்த்த எதிராளி தடுமாறிப் போனார், எலியட் கைக்கு வந்தது. பிடித்த இடம் கோட்டுக்கு ஒட்டி. குதிகாலை வைத்தால் வெளியே. நுனிக்காலிலேயே நின்று, கீழே பார்க்காமல், போர்ட்லேண்டின் ரஷீத் வாலஸ் நீட்டிய கைக்கு மேலே போட்டார். மூன்று பாயிண்ட். 86-85. அந்த வீடியோவைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, பந்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள் என்பேன்.

அதன் பிறகு வந்த செய்திதான் என்னை உலுக்கிவிட்டது. கோப்பை வாங்கி ஒரு மாதத்தில், தனக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது, மாற்று சிகிச்சை வேண்டும் என்று எலியட் அறிவித்தார். அந்த உடம்போடுதான் ஆடியிருக்கிறார். ஆகஸ்ட்டில் அண்ணன் நோயல் ஒரு சிறுநீரகம் கொடுத்தார். 2000 மார்ச்சில் திரும்பி வந்து அதே லீக்கில் ஆடினார், சிறுநீரக மாற்றுக்குப் பிறகு அங்கே ஆடிய முதல் ஆள். எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு அண்ணனுக்குத் தம்பி இப்படிக் கொடுத்தபோது கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்து நாள் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நடந்தாலே நாங்கள் கும்பிட்டோம். இந்த ஆள் ஏழு மாதத்தில் கோர்ட்டில் ஓடியிருக்கிறார். எனவே என் பார்வை கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்ததுதான், ஒத்துக்கொள்கிறேன்.

பழையபெஞ்ச், ராமநாதபுரம், கோவை:

டீச்சரம்மா, 15-2க்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று. முழுசான கோப்பை இல்லை என்று காட்ட அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவைக்க வேண்டும் என்ற பேச்சை ஆரம்பித்தவர் ஃபில் ஜாக்சன், அப்போதே ஆறு கோப்பை வாங்கியிருந்த பயிற்சியாளர். அவருக்குத் தெரியாதா?

சிங்கைமில், சிங்காநல்லூர்:

ஃபில் ஜாக்சன் சொன்னார், சரி. அவர் அடுத்த சீசனிலிருந்து எந்த அணிக்குப் பயிற்சியாளர்? லேக்கர்ஸ். ஸ்பர்ஸ் நாலுக்குப் பூஜ்யம் அனுப்பிய அதே லேக்கர்ஸ். எதிர்க் கடைக்காரன் நம்ம நூலை ஈரம் என்றுதான் சொல்வான்.

அதோடு, 2011இல் மறுபடி கதவடைப்பு வந்தது, 66 மேட்ச்தான், மயாமி ஜெயித்தது. லெப்ரானின் முதல் கோப்பை அரைக் கோப்பை என்று யாராவது சொல்கிறார்களா? 2020இல் கொரோனாவுக்காக ஒரே இடத்தில் அடைத்துவைத்து ஆடினார்கள், அதற்கும் கொஞ்ச நாள் பேசினார்கள், விட்டுவிட்டார்கள். ஸ்பர்ஸ் என்றால் மட்டும் பிடித்துக்கொள்வது ஏன்? டி.வி. சந்தை சின்னதாக இருக்கும் ஊர், விளம்பரம் இல்லாத ஆட்டம், டங்கன் பேசவும் மாட்டார். அதுவும் ஜோர்டான் போன மறு வருடம். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் குற்றம் கண்டுபிடித்திருப்பார்கள். அப்புறம் 2003, 2005, 2007, 2014 என்று இன்னும் நாலு வாங்கின பிறகு 1999ஐக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

பழையபெஞ்ச், ராமநாதபுரம், கோவை:

நூல் உதாரணத்துக்கு ஒரு பாயிண்ட் தருகிறேன். ஆனாலும் அந்த வருடத்து லீக் மேட்ச் ஒன்றைப் பிடித்து முழுதாக உட்கார்ந்து பாருங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் உங்களால் முடியாது.

காஜாபட்டன், திருப்பூர்:

அண்ணன்மார்களே, அக்கா, நேற்று சாயங்காலம் அதே சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனேன். அண்ணன் வாயைத் திறக்கும் முன் 15-2 என்றேன். ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் "யாருடா சொல்லிக்குடுத்தா" என்றார். கோபியில் ஒரு டீச்சர் என்றேன். எலியட் கதையையும் சொன்னேன், அது அவருக்குத் தெரியாது, அந்த ஷாட் தெரியும், சிறுநீரகம் தெரியாது. போனில் வீடியோ போட்டுக் காட்டினேன், நாலு தடவை பார்த்தார். ஐந்தாவது தடவை எழுந்து போய் சைடு லைனில் நுனிக்காலில் நின்று போட்டுப் பார்த்தார். முதல் மூன்றும் விழவில்லை, குதிகால் கோட்டைத் தாண்டிவிட்டது என்று பசங்கள் கத்தினார்கள். நாலாவது விழுந்தது. ஆனால் "கோப்பை முக்கால்" என்றுதான் இறங்கி வந்தார், முழுசு என்று சொல்லவில்லை.

நிக்ஸ்கவுண்டர், பொள்ளாச்சி:

முக்கால் நல்ல விலை, வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பி, ஒரு விஷயம். அங்கே ஃபைனலுக்கு முன்பே ரெண்டு அணிக்கும் சாம்பியன் என்று சட்டை அடித்துத் தயாராக வைப்பார்கள், தோற்ற அணியின் சட்டையைக் கடைக்கு விடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உங்கள் காதர்பேட்டைக் குவியலில் நிக்ஸ் 1999 சாம்பியன் என்று ஏதாவது அகப்படுமா?

காஜாபட்டன், திருப்பூர்:

அண்ணா, இது பழைய ஸ்டாக் இல்லை, இப்போது புதிதாக அடித்த பிரிண்ட், அதனால் தோற்ற அணிக்கு அடித்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன், குவியலை அடிவரைக்கும் பார்க்கிறேன். ஆரஞ்சு நீலத்தில் எது வந்தாலும் எடுத்து வைக்கிறேன். உங்கள் அளவு எல்லா, எக்ஸ்எல்லா?

நிக்ஸ்கவுண்டர், பொள்ளாச்சி:

1999இல் எம். இப்போது டபுள் எக்ஸ்எல் பாருங்கள்.